தமிழ் சப்டைட்டில் போடத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். மயிலாடுதுறையில் மாதம் ஒரு ஞாயிறு, எங்கள் மொட்டைமாடியில் எட்டு முழ வேட்டியைக் கட்டி, பத்துப் பதினைந்து பேர் படம் பார்ப்போம். அடுத்தது 'லேட்டோ'. கிரில் செரெப்ரென்னிகோவ் இயக்கி 2018இல் வந்த ரஷ்யப் படம். எண்பதுகளின் தொடக்கத்து லெனின்கிராட், அங்கே ராக் இசைக்காரர்கள், நடுவில் கணவன், மனைவி, இன்னொரு இளைஞன். மூவரில் யாருமே வில்லன் இல்லை. அதனால்தான் எனக்குப் பிடித்தது.

அதில் ராக் கிளப்பில் ரசிகர்கள் ஆடக் கூடாது, நாற்காலியில் அடக்கமாக உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் தவில் வாசிக்கும் அண்ணன் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "எங்களுக்கு உட்கார்ந்தாலே போதும்டா, எல்லாரும் பந்திக்கு ஓடிடுறாங்க" என்றார். அவருக்கு ஆங்கில சப்டைட்டில் ஓடுகிற வேகம் ஒத்துவராது. அவருக்காகவே தமிழில் அடிக்கத் தொடங்கினேன்.

முதலில் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் கோப்பைச் சேமித்ததும் சரியானது. ஆனால் பென் டிரைவைப் புரொஜெக்டரில் செருகினால் 'கொ' உடைகிறது, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். லேப்டாப்பில் ஒழுங்காகத் தெரிகிறது, ஆனால் அதைப் புரொஜெக்டரோடு இணைக்கும் ஹெச்டிஎம்ஐ துளைதான் செத்துவிட்டது.

எழுத்தைப் படத்தோடே பதித்துவிட எந்த மென்பொருள் நல்லது? அப்புறம், ஓடிடி சந்தா இருந்தால் மட்டும் இப்படிக் கூட்டமாகத் திரையிட உரிமை வந்துவிடாது. வெளிநாட்டுப் படத்துக்கு அனுமதி கேட்டு எழுதிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் போட்டாக வேண்டும்.