கன்னியாகுமரி டு ஸ்ரீநகர்: நாக்பூர் தாண்டிக் கிடைத்த ரசஞ்சோறு

கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை காரில் போகத் திட்டமிடுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: வழியில் நம்ம ஊர் லாரி நிற்பதைப் பார்த்தால் இறங்கிப் பேசுங்கள். அந்த ரோட்டை அவர்கள் அளவுக்குத் தெரிந்தவர்கள் கிடையாது.

எம்.எஸ்சி. தாவரவியல் கடைசிப் பரீட்சை முடிந்த மே மாதம், தோழி ஒருத்தியின் அப்பா நம்பிக் கொடுத்த காரில் நான்கு பேர் கிளம்பினோம். வேலை, பிஎச்.டி., கல்யாணம் என்று ஆளுக்கொரு திசையில் போவதற்குள் தேசிய நெடுஞ்சாலை 44ஐ ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டிவிட வேண்டும் என்பது முதலாண்டிலிருந்தே பேசிவந்த ஆசை. மதுரை, சேலம், பெங்களூரு, கர்னூல், ஹைதராபாத் எல்லாம் நல்ல ரோடு, கடும் வெயில் என்று கடந்துபோயின.

நாக்பூரில் காலைப் பலகாரத்துக்கு வேர்க்கடலை போட்ட ஜவ்வரிசிக் கிச்சடி சாப்பிட்டோம். அந்தப் பக்கம் விரத நாளில் அதுதான் ஆகாரம். ஊரைத் தாண்டி சிவனி போகும் வழியில் ஒரு தாபா ஓரம் நாமக்கல் பதிவெண்ணோடு லாரி. என்ன லோடு என்று கேட்டால், சேலத்து ஜவ்வரிசி! நாக்பூரில் பாதி இறக்கியாச்சு, மீதி ஜபல்பூருக்கு. ஆய்வகத்தில் நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துப் பார்த்த மரவள்ளி மாவுமணிகள் இத்தனை தூரம் வந்து ஒரு ஊரின் விரதச் சாப்பாடு ஆகியிருப்பது எங்கள் நால்வருக்கும் அப்படியொரு சந்தோஷம்.

லாரியின் பக்கவாட்டு டூல் பாக்ஸைத் திறந்தால் அது ஒரு அடுப்படி. பம்ப் ஸ்டவ், ஈயப் பாத்திரம், மிளகு சீரகம் இடிக்கச் சின்ன உரல், மூடியில் பேர் எழுதாத டப்பாக்கள். எது எந்தப் பொடி என்று கை பழக்கத்திலேயே எடுக்கிறார் அந்த அண்ணன். தயங்கி நின்றவர்களை உட்கார வைத்தார்.

"உட்காருங்க கண்ணு. உங்களுக்குன்னு தனியா ஒலை வெக்கலீங்க, ரெண்டு பிடி அரிசி கூடப் போட்டேன், அவ்வளவுதானுங்க."

ரசமும் சுட்ட அப்பளமும். ஊரைவிட்டு வந்தபின் சாப்பிட்டதில் அதுதான் சாப்பாடு.

காஷ்மீர் போகிறோம் என்றதும் அவர் பேச்சு மாறிவிட்டது. 2022 செப்டம்பரில் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கின் நுழைவாயிலான காசிகுண்டில் ஆப்பிள் லாரிகள் ஆயிரக்கணக்கில் தேங்கி நின்றதே, அந்த வரிசையில் இவரும் இருந்திருக்கிறார். பெட்டி இடுக்கில் மூக்கை வைத்தாலே எந்த அடுக்கு கெடத் தொடங்குகிறது என்று தெரிந்துவிடுமாம். "பழம் நம்முது இல்லீங்க, ஆனா வவுறு எரியுதே" என்றார். பிறகு வரிசையாகச் சொன்னார்: உதம்பூரிலேயே ராத்தங்கணும். ஜம்மு காஷ்மீர் டிராஃபிக் போலீஸ் தினமும் போடும் அறிவிப்பைப் பார்த்துத்தான் வண்டியை எடுக்கணும். ராம்பன் பக்கம் தூறல் விழுந்தாலும் மலைச்சரிவுக்குக் கீழே வண்டியை நிறுத்தக் கூடாது. போட்டோ எடுக்கவும் கூடாது, பாப்பா.

அங்கிருந்து கிளம்பிப் பெஞ்ச் புலிகள் காப்பகக் காட்டைக் கடந்தோம். புலியும் மானும் அடியில் போக, ரோட்டையே தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். அதில் ஒன்று 750 மீட்டர் நீளம். இரண்டு பக்கமும் இலை உதிர்ந்த தேக்கு. காடு அறுபடாமல் இருக்க இவ்வளவு செலவழித்தது நியாயம் என்றே நினைக்கிறேன்.

உதம்பூரில் அண்ணன் சொன்னபடியே செய்தோம். விடியுமுன் கிளம்பி, செனானி–நாஷ்ரி சுரங்கம் தாண்டினால் ராம்பனில் பொக்லைன் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தது. ஒரு பக்கமாகத்தான் வண்டிகளை விட்டார்கள். மேலே பார்த்தால் உருளக் காத்திருக்கும் கற்கள். யாரும் கீழே இறங்கவில்லை. பிறகு பனிஹால் சுரங்கம், பள்ளத்தாக்கு, பாம்போர். குங்குமப்பூ வயல் மே மாதத்தில் வெறும் மண்தான், கிழங்கு உள்ளே உறங்குகிறது. பூ பார்க்க வேண்டுமென்றால் அக்டோபர் கடைசியில் போங்கள்.