கத்தி தீட்டும் போட்டி வைக்கிறோம், மதிப்பெண் எப்படிப் போடுவது?

கல்லும்தண்ணியும் கேட்டது:

நண்பர்களே, கோவையில் நாங்கள் 11 பேர் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் கூடிக் கத்தி தீட்டுகிறோம். தொழிலாகச் செய்பவர் யாரும் இல்லை. ஒருவர் வங்கியில் இருக்கிறார், இரண்டு பேர் மில்லில், ஒரு அக்கா கல்லூரியில் வேதியியல் சொல்லித் தருகிறார். ஆயுத பூஜைக்கு முந்தைய ஞாயிறு எங்களுக்குள் ஒரு போட்டி வைக்கலாம் என்று பேச்சு. பூஜையன்றே வைக்கலாம் என்றார் ஒருவர், ஆனால் படையலில் வைத்த கருவியை அன்றைக்கே எடுக்க யாருக்கும் மனசு வராது. ஆளுக்கு 200 ரூபாய் போட்டு ஒரு நல்ல தீட்டுக்கல் வாங்கி, ஜெயித்தவருக்குக் கொடுப்பதாகத் திட்டம்.

போன மாதம் ஒத்திகை மாதிரி ஒன்று நடத்தினோம். அவரவர் கத்தியை அவரவர் கொண்டு வந்தார்கள். விஜி-10 எஃகில் செய்த ஜப்பான் கத்தி வைத்திருந்தவர் காகிதத்தைச் சத்தமே இல்லாமல் வகுந்தார். சந்தையில் வாங்கிய 80 ரூபாய்க் கத்தியைத் தீட்டியவர் வேலையில் அவரைவிட ஒரு படி மேல் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் அதைக் காட்ட வழியில்லை. கை முடியை மழிப்பது, தக்காளியை மெலிதாகச் சீவுவது எல்லாம் செய்து பார்த்தோம். எல்லாருடைய கத்தியும் முடியை மழிக்கிறது, அப்புறம் யார் முதல் என்று எப்படிச் சொல்வது? கடைசியில் இரண்டு பேர் சரியாகப் பேசிக்கொள்ளாமலே கிளம்பினார்கள், அதுதான் எனக்கு வருத்தம். நட்பு கெடாமல் நடத்த ஒரு வழி சொல்லுங்கள்.

நூலும்தராசும் எழுதியது:

முடி மழிப்பதை முதலில் விடுங்கள். ஒரே கத்தி பல கைகளில் பட்டால் கீறல் வழியாக என்னென்னவோ பரவும், அதோடு அதில் அளவு என்று ஒன்றும் கிடையாது.

நூல் சோதனை செய்யுங்கள். பெஸ் என்று ஒரு அளவுமுறை இருக்கிறது, இழுத்துக் கட்டிய ஒரு குறிப்பிட்ட இழையை அறுக்கக் கத்தியை எத்தனை கிராம் அழுத்த வேண்டும் என்பதுதான் கணக்கு. எண் குறையக் குறையக் கூர்மை அதிகம், புது சவர பிளேடு 50 பக்கம் வரும். அந்தக் கருவி விலை அதிகம், ஆனால் அதே தத்துவத்தில் வீட்டிலேயே செய்யலாம். சமையலறைத் தராசின் மேல் ஒரு மரச்சட்டம், அதில் இரண்டு ஆணி, நடுவில் தையல் நூல். நூலின் இரு முனையிலும் ஒரே எடையுள்ள நட்டைத் தொங்கவிட்டால் இழுவிசை ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்கும். கத்தியை இழுக்காமல் நேர் கீழே மெதுவாக அழுத்துங்கள், தராசின் திரையை மொபைலில் வீடியோ எடுங்கள், பிறகு மெதுவாக ஓடவிட்டால் நூல் அறுந்த நொடியில் இருந்த எடை தெரியும். இந்த எண்ணைக் கருவியின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது, உங்கள் 11 பேருக்குள் ஒப்பிட இது போதும். நூல்கண்டு கடைசி வரை ஒன்றே இருக்கட்டும், அழுத்துகிற கையும் ஒருவருடையதாகவே இருக்கட்டும்.

ஒவ்வொரு கத்தியிலும் அடி, நடு, நுனி என்று மூன்று இடத்தில் அளந்து, மூன்றில் மோசமான எண்ணையே கணக்கில் எடுங்கள். சராசரி வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொல்வேன், ஏனென்றால் நடுப்பகுதியை யாரும் தீட்டிவிடுவார்கள், கோணம் மாறாமல் நுனி வரை போவதில்தான் கை தெரியும்.

தச்சுப்பட்டறை எழுதியது:

மேலே சொன்னதோடு முழுதாக ஒத்துப் போகிறேன், ஆனால் அது பாதிதான். உங்கள் சண்டைக்குக் காரணம் எஃகு. எல்லாருக்கும் ஒரே கடையில் ஒரே மாதிரிக் கத்தி வாங்கிக் கொடுங்கள், கல்லும் ஒரே வகை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இரண்டு பக்கக் கார்போரண்டம் கல்லே போதும். நடுவில் குழிந்த பழைய கல்லாக இருந்தால், கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து அதில் தேய்த்துச் சமப்படுத்தி வையுங்கள். போட்டிக்கு முன்னால் ஒருவரே எல்லாக் கத்தியின் வாயையும், அதாவது வெட்டும் விளிம்பையும், கல்லில் செங்குத்தாக வைத்து மூன்று இழுப்பு இழுத்து மழுங்கடிக்கட்டும். 20 நிமிடம் கொடுங்கள்.

இதற்கு நல்ல முன்மாதிரி ஜப்பானில் 1997-இல் தொடங்கிய கெஸுரோகாய். அங்கே தச்சர்கள் கூடி இழைப்புளியால் மரத்தைச் சீவி, யார் சீவல் மெலிது என்று பார்ப்பார்கள், 10 மைக்ரானுக்கும் குறைவாகச் சீவுகிறார்கள். இழைப்புளியை அவரவர் கொண்டு வரலாம், ஆனால் முடிவைச் சொல்வது அளவுக்கருவிதான், யாருடைய கண்ணும் இல்லை. அதனால்தான் தோற்றவரும் ஜெயித்தவரிடம் போய் எந்தக் கல், எப்படித் தேய்த்தீர்கள் என்று கேட்க முடிகிறது.

இன்னொன்று, இதுதான் ரொம்ப முக்கியம். பிசிறு. ஒரு பக்கம் தேய்க்கும்போது மறுபக்கம் மெல்லிய உலோகப் பிசிறு சுருண்டு நிற்கும், அதைச் சரியாக எடுக்காமல் நிமிர்த்தி மட்டும் விட்டால் முதல் வெட்டில் சவரக் கத்தி போல இருக்கும், நாலு வெங்காயம் நறுக்கியதும் மடங்கி மொக்கையாகிவிடும். முதல் அளவு மட்டும் பார்த்தால் பிசிறை விட்டவர்தான் ஜெயிப்பார். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உள்ள காட்ரா ஆய்வகம் கத்தியைச் சோதிக்கும் முறையிலும் (ஐஎஸ்ஓ 8442-5) சிலிக்கா கலந்த அட்டையை 60 சுற்று வெட்டவிட்டு, முதல் 3 சுற்றில் எவ்வளவு வெட்டியது, மொத்தம் எவ்வளவு வெட்டியது என்று தனித்தனியாகக் கணக்கிடுகிறார்கள். நீங்கள் நூலில் ஒருமுறை அளந்த பிறகு, ஒரு மரப்பலகையில் காய் நறுக்குவது போல 50 தட்டுத் தட்டி மறுபடி அளங்கள். இரண்டாவது எண்ணுக்கே இரண்டு மடங்கு மதிப்பு கொடுங்கள். தேங்காய் நார்க் கயிற்றை வெட்டிப் பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள், அதில் மண் எவ்வளவு இருக்கிறது என்பது முழத்துக்கு முழம் மாறும், ஒருவருக்கு அநியாயமாகிவிடும்.

சைக்கிள்சாணை எழுதியது:

எங்கள் அப்பா சைக்கிளில் சாணைச் சக்கரம் கட்டித் தெருத்தெருவாகப் போனவர். சக்கரத்தையும் கைக்கல்லையும் ஒரே போட்டியில் கலக்காதீர்கள். சக்கரத்தில் ஒரு நொடி அதிகம் வைத்தால் வாய் நீலம் பாயும், அப்படி நீலம் வந்தால் அந்த இடம் கிட்டத்தட்ட 300 டிகிரி பார்த்திருக்கிறது என்று அர்த்தம், பதம் போய்விட்டது, அதற்குப் பிறகு எந்தக் கல்லில் தேய்த்தாலும் கூர் நிற்காது. அப்பா ஒவ்வொரு இழுப்புக்கும் கத்தியைத் தண்ணீரில் முக்குவார், விரல் நகத்தில் வாயை லேசாக வைத்து வழுக்குகிறதா, பிடிக்கிறதா என்று பார்ப்பார். தராசு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நூலில் அளக்கும் முன்னால் ஒவ்வொருவரும் தன் கத்தியைத் தொட்டுப் பார்த்து அது எத்தனை கிராம் வரும் என்று ஒரு தாளில் எழுதட்டும், சரியாகச் சொன்னவருக்குத் தனியாகப் பாராட்டு. தன் வேலையைத் தானே அறிவதும் திறமைதான். முடிந்தால் அருவாமனைக்கும் ஒரு சுற்று வையுங்கள், அதில் கல்லைக் கையில் எடுத்து வாயின் மேல் நகர்த்த வேண்டும், நன்றாகச் செய்பவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள்.

கல்லும்தண்ணியும் எழுதியது:

அண்ணா, அருவாமனைச் சுற்று கண்டிப்பாக உண்டு, அக்காவின் அம்மாவை நடுவராகக் கூப்பிடப் போகிறேன். 11 கத்தியும் ஒரே மாதிரி வாங்க 900 ரூபாய்க்குள் முடியும், போட்டிக்குப் பிறகு அவரவர் எடுத்துப் போகலாம். ஒரு சந்தேகம், இத்தனை கத்தியை பஸ்ஸில் கொண்டுபோனால் பிரச்சினை வருமா?

பெரியசமையல் எழுதியது:

கல்யாணச் சமையலுக்கு நாங்கள் இதைவிட அதிகமாகவே கொண்டுபோகிறோம். ஆயுத விதிகளில் 9 அங்குல நீளம், 2 அங்குல அகலம் என்று ஒரு வரம்பு இருக்கிறது, வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் செய்த கத்திக்கு அதில் விலக்கு உண்டு. ஆனாலும் வழியில் யாராவது கேட்டால் நின்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டிவரும், அதனால் சமையல் கத்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வீச்சரிவாள் வேண்டாம். ஒவ்வொன்றையும் அட்டை உறையில் போட்டு ஒரே பெட்டியில் வைத்து, கடை ரசீதையும் உள்ளே போடுங்கள்.

மாடியில் குழந்தைகள் வருவார்கள் என்றால் தீட்டும் இடத்தைக் கயிறு கட்டிப் பிரித்துவிடுங்கள். கல்லுக்கு அடியில் ஈரத்துணி போடுங்கள், கல் நகர்ந்தால்தான் கை வெட்டுப்படும். அளந்து முடிந்ததும் கத்திகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள், கல்லின் சேறு அதில் ஒட்டியிருக்கும். அப்புறம் அதே கத்திகளில் 2 கிலோ தக்காளியை நறுக்கி, அன்றைக்கு மதியம் தக்காளி சாதம் போட்டுவிடுங்கள். எந்த ஊர் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், எந்தப் பக்கம் என்று சொன்னால் ரைத்தாவுக்கு வெங்காயம் நறுக்க நானும் வருகிறேன்.