"வட்டி சதமும் இல்லை" என்றால் அந்த 4,500 ரூபா யாருடையது?

நல்லூரான்:
"இப்போது வாங்கிவிட்டு மூன்று தவணையில் கட்டலாம், வட்டி சதமும் இல்லை, கடனட்டை வைத்திருப்பவர்கள்தான் ஏமாளிகள்" என்று நேற்று ஒரு தம்பி இங்கே எழுதியிருந்தார். வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. போன கிழமைதான் மருமகளுக்குப் போன் எடுக்க ரவுணுக்குப் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த போனில் பெரிய எழுத்தில் "3 x 16,500" என்று ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே, குனிந்து பார்த்தால்தான் தெரியும், "காசுக்கு 45,000". மூன்று 16,500 எவ்வளவு? 49,500. மிச்ச 4,500 யாருடைய காசு?

இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் 16,500ஐக் கடையிலேயே கட்டிவிடுகிறோம். அப்படியென்றால் கடன்பட்டது 28,500 மட்டும்தான். அதற்கு இரண்டு மாதத்தில் 33,000 திருப்பிக் கட்டுகிறோம். பாதி முதல் மாதத்திலேயே திரும்பிவிடுவதால் மாதத்துக்கு 10.36 வீதம், அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் வருடத்துக்கு 124 வீதம். இதற்குப் பெயர் வட்டி இல்லையா?

சுன்னாகம் பெடியன்:
அந்தப் பதிவைப் போட்டது நான்தான் அண்ணை, பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம். 45,000க்கு 4,500 என்றால் 10 வீதம். ஓ/எல் கணக்கு. 124 எங்கிருந்து வந்தது? கோகோ, மின்ட்பே என்று எந்தத் தவணைக் கம்பனி என்றாலும் மூன்று தவணைக்கு எங்களிடம் வட்டி எடுப்பதில்லை, கடைக்காரரிடம்தான் கொமிஷன் எடுக்கிறார்கள். அவர் அதை விலையில் ஏற்றினால் அவரைப் போய்க் கேளுங்கள்.

நல்லூரான்:
யார் எடுத்தால் எனக்கென்ன, போவது என் பொக்கெற்றிலிருந்து. முழுக் காசையும் வருடம் முழுக்க வைத்திருந்து 4,500 கட்டினால்தான் 10 வீதம். நீ வைத்திருப்பது 28,500. அதிலும் பாதியை ஒரு மாதத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகிறாய். 124தான்.

சுன்னாகம் பெடியன்:
10.

கோண்டாவில் அக்கா:
நான் சின்னதாக ஒரு உடுப்புக்கடை நடத்துகிறேன், என் பக்கத்தையும் கேளுங்கள். தவணையில் விற்றால் கொமிஷனை வெட்டிவிட்டுத்தான் எங்கள் கணக்குக்குக் காசு வரும். ஒரு சல்வாரில் நிற்கிற லாபத்தில் அது பெரிய துண்டு. அதை விலையில் ஏற்றாமல் எங்கே கொண்டுபோய் வைப்பது? எல்லாருக்கும் ஒரே விலை போடும் கடைகளும் இருக்கின்றன. அங்கே கைக்காசு கொடுத்துச் சீலை எடுக்கிற ஆச்சிதான் தவணைக்காரரின் கொமிஷனையும் சேர்த்துக் கட்டுகிறா. இரண்டு விலையையும் வெளியில் எழுதி ஒட்டுகிற கடைக்காரராவது நேர்மையானவர். அவரைத் திட்டாதீர்கள்.

நல்லூரான்:
தங்கச்சி, கடைக்காரரை நான் எங்கே திட்டினேன்? "வட்டி இல்லை" என்ற சொல்லைத்தான் திட்டுகிறேன். 4,500ஐக் கட்ட வைத்துவிட்டு வட்டி இல்லை என்று சொல்லக்கூடாது.

மெல்பேர்ண் வாசி:
இங்கே அவுஸ்திரேலியாவில் ஆஃப்டர்பே என்ற தவணைக் கம்பனி 2014இல் தொடங்கியது. இரண்டு கிழமைக்கு ஒருக்கால் நான்கு தவணை, வட்டி இல்லை. அவர்களை ஏற்றுக்கொண்ட கடை அதற்கென்று வாடிக்கையாளரிடம் கூடக் காசு கேட்கக்கூடாது என்பது அந்தக் கம்பனியின் நிபந்தனை. திகதி தவறினால் 10 டொலர், அதற்குப் பிறகும் ஒரு கிழமை கட்டாவிட்டால் இன்னொரு 7. 40 டொலருக்குக் குறையாத சாமான் என்றால், எவ்வளவு தவறினாலும் தண்டம் அதன் விலையில் கால்வாசியை அல்லது 68 டொலரைத் தாண்டாது, இரண்டில் எது குறைவோ அதுதான். 2025 யூனிலிருந்து இந்தக் கம்பனிகளுக்குக் கடன் வழங்கும் உரிமமும் கட்டாயம். அங்கேயும் இப்படி ஒரு சட்டம் வந்தால் இந்தச் சண்டையே இருக்காது.

சுன்னாகம் பெடியன்:
அண்ணை, அங்கே இருந்துகொண்டு எங்களுக்கு வகுப்பெடுக்க வேண்டாம். டொலரில் சம்பளம் எடுப்பவருக்கு 17 டொலர் தண்டம் ஒன்றும் தெரியாது. இங்கே பிரிஜ் பழுதானால் காசு சேரும் வரைக்கும் மீனை வெயிலில் காயவைத்துச் சாப்பிடச் சொல்கிறீர்களா?

மெல்பேர்ண் வாசி:
நான் வகுப்பெடுக்கவில்லை, நடப்பதைச் சொன்னேன். நீங்கள் கேட்கிற பிரிஜ்ஜுக்கும் யாரோ ஒரு வெளிநாட்டுச் சித்தப்பாதான் காசு அனுப்புகிறார் என்பதையும் மறக்க வேண்டாம்.

சுன்னாகம் பெடியன்:
எனக்கு ஒரு சித்தப்பாவும் அனுப்புவதில்லை. நான் உழைத்துக் கட்டுகிறேன். இந்தக் கதையைத் திரும்ப எடுக்க வேண்டாம்.

வடமராட்சியான்:
வீட்டில் சங்கிலி இருந்தால் அடைவு வையுங்கள். வருடத்துக்கு 15 வீதம் என்று வைத்தாலும் 28,500க்கு இரண்டு மாதத்தில் 700 ரூபா சொச்சம்தான் வரும். போனையும் 45,000க்கே எடுக்கலாம். எங்கள் பக்கத்துச் சனம் இதைத்தான் செய்யும்.

கோண்டாவில் அக்கா:
யாருடைய சங்கிலியை அண்ணை? போன் உங்களுக்கு, அடைவுக்குப் போவது மனிசியின் நகை. அடைவு மீளாமல் ஏலத்தில் போன நகைகளைப் பற்றியும் உங்கள் பக்கத்துச் சனத்திடம் கேட்டுப் பாருங்கள்.

வடமராட்சியான்:
எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் போகவில்லை. கணக்கைச் சொன்னால் குடும்பத்துக்குள் வருகிறீர்கள். நாகரிகமாகக் கதையுங்கள்.

நல்லூரான்:
அடைவுக் கதையை விடுங்கள். 4,500க்கு வாருங்கள். சின்னச் சின்னக் கடன் கொடுத்துக் கிழமைக்குக் கிழமை அறவிட்ட நுண்கடன் கம்பனிகளிடம் எங்கள் பெண்கள் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். நிதிக் கம்பனிகளின் நுண்கடனுக்கு 35 வீதத்துக்கு மேல் வட்டி எடுக்கக்கூடாது என்று 2018இல் மத்திய வங்கியே உச்சவரம்பு போட்டது. 35ஐத் தாண்டினால் அநியாயம் என்று நாடே சொன்னது. இது 124. 2022 நெருக்கடியில் கடனட்டை வட்டி 36 வீதம் வரைக்கும் ஏறியபோது எல்லாரும் வாயில் அடித்துக்கொண்டோம். இது 124.

கிளிநொச்சி ஆசிரியை:
ஐயா, அந்த ஒப்பீட்டை வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்று, கட்டும் வரைக்கும் போகமாட்டோம் என்று இருந்தவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வராமல் நின்றார்கள். ஒரு போனின் 4,500ஐ அதோடு சேர்க்காதீர்கள்.

நல்லூரான்:
சேர்ப்பேன் ரீச்சர். அதுவும் சின்னத் தொகை, இலகு தவணை என்றுதான் தொடங்கியது. இதில் வாசலில் ஆள் வந்து நிற்கமாட்டான், அவ்வளவுதான். வங்கி அட்டையைக் கொடுத்துத்தான் சேர்கிறோம், திகதி வந்ததும் தானாக வெட்டும். சம்பளம் இரண்டு நாள் பிந்தினால் தண்டம். எனக்குத் தெரிந்த ஒரு பெடியன் போன், சப்பாத்து, மனிசியின் பிறந்தநாள் உடுப்பு என்று மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக எடுத்துவிட்டு, மாத முடிவில் சீட்டுக்காசு கட்ட வழியில்லாமல் நின்றான். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்னக் காசுதான்.

சுன்னாகம் பெடியன்:
அது அந்தப் பெடியனின் பிழை. நான் இதுவரைக்கும் ஒரு தவணை பிந்தவில்லை. விலையை ஏற்றாத கடை பார்த்துத்தான் எடுப்பேன், ஒரு சதமும் கூடக் கட்டவில்லை. அதற்கும் 124 வீதமா? சொல்லுங்கள்.

நல்லூரான்:
அந்தக் கடையில் கைக்காசுக்குக் கழிவு கேட்டுப் பார்த்தாயா?

சுன்னாகம் பெடியன்:
ஏன் கேட்க வேண்டும்?

நல்லூரான்:
அதுதான் தம்பி. கேட்டிருந்தால் உன் 4,500 எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

சுன்னாகம் பெடியன்:
கேட்காத கழிவை எப்படிச் செலவென்று சொல்வது? போன வருடம் இங்கே ஸ்கூட்டியை லீசிங்கில், அதாவது தவணைக் கடனில், எடுப்பது பற்றிக் கதைத்தபோதும் இப்படித்தான் இல்லாத கணக்கையெல்லாம் போட்டீர்கள். அப்போது நான் கேட்ட கேள்விக்கு இன்றைக்கும் பதில் இல்லை.

நல்லூரான்:
லீசிங் கேள்விக்கு அன்றைக்கே பதில் எழுதினேன், நீதான் வாசிக்கவில்லை. இப்போதும் கேட்கிறேன், 28,500ஐக் கொடுத்து இரண்டு மாதத்தில் 33,000 வாங்குகிறவனை எங்கள் ஊரில் என்னவென்று சொல்வார்கள்?

மெல்பேர்ண் வாசி:
அந்த லீசிங் விவாதத்திலும் என்னைத்தான் வெளிநாட்டுக்காரன் என்று திட்டினார்கள்.

சுன்னாகம் பெடியன்:
10 வீதம். அந்தப் பதிவை நான் எடுக்கப்போவதில்லை.

நல்லூரான்:
எடுக்க வேண்டாம், இருக்கட்டும். அதற்குக் கீழே 49,500 என்று நானே எழுதிவிடுகிறேன்.