கெட்டமைன் ட்ரிப் ஒரே நாள்ல மனச்சோர்வ குறைக்குதாமே, மூளைக்குள்ள அப்படி என்னதான் பண்ணுது?

மொட்டைமாடி_காக்கா:
எங்க அக்காவுக்காக கேக்குறேன். மூணு வருஷமா மாமனார் படுத்த படுக்கை, ராத்திரி ரெண்டு தடவ எழுந்து டயப்பர் மாத்தணும், காலைல எட்டரைக்கு ஸ்கூல்ல இருக்கணும் (டீச்சர்), வீட்டுல ஒத்தாசைக்கு ஆள் கிடையாது. டிப்ரஷன்னு சொல்லி மொதல்ல எஸ்சிடலோபிராம் குடுத்தாங்க, ஆறு வாரம் பாத்து டோஸ் ஏத்துனாங்க, ஒண்ணும் பெருசா இல்ல, அப்புறம் வென்லாஃபாக்சின், அதுல வேர்வையும் வாய் வறட்சியும்தான் மிச்சம். போன வாரம் டாக்டர் கெட்டமைன் ட்ரிப் போட்டு பாக்கலாம், சிலருக்கு அன்னைக்கே வித்தியாசம் தெரியும்னாராம். எனக்கு இதுதான் புரியல, ஒரு மாத்திரைக்கு ஆறு வாரம் காத்திருக்க சொல்றீங்க, இது மட்டும் எப்படி ஒரே நாள்ல? கூகுள் பண்ணா குதிரைக்கு போடுற மயக்க மருந்துங்குறான், அமெரிக்க நடிகர் மேத்யூ பெர்ரி செத்ததே இதுலதான்ங்குறான். அக்காகிட்ட இன்னும் எதுவும் சொல்லல. விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, அறிவுரை வேணாம், மூளைல என்ன நடக்குதுன்னு சொல்லுங்க போதும்.

சுண்டெலி_மாமா:
நான் டாக்டர் இல்ல, எலி மூளைய வெட்டி மைக்ராஸ்கோப்புல பாத்து வயசானவன், அதனால மருந்து போடலாமா வேணாமாங்குறத விட்டுட்டு மூளை கதைய மட்டும் சொல்றேன்.

மொதல்ல ஸ்ட்ரெஸ். மூளைய வெள்ளி இல்லாட்டி பாதரச கரைசல்ல இருட்டுல ஊற வச்சு மெல்லிசா சீவி பாத்தா நூத்துல ஒண்ணு ரெண்டு நியூரான் மட்டும் கருப்பா மரம் மாதிரி எழும்பி நிக்கும், கிளைல பூரா குட்டி குட்டி முள்ளு. அந்த ஒவ்வொரு முள்ளும் பக்கத்து நியூரான் வந்து பேசுற இடம். நாங்க 10 மைக்ரான் நீளத்துக்கு எத்தன முள்ளுன்னு உக்காந்து எண்ணுவோம், கண்ணு போயிரும். எலிய மூணு வாரம் நிம்மதியா இருக்க விடாம, ஒரு நாள் கூண்ட சாய்ச்சு வச்சு, ஒரு நாள் படுக்கைய நனைச்சு, ஒரு நாள் ராத்திரி பூரா லைட்ட போட்டு வச்சா, நெத்திக்கு பின்னாடி இருக்குற முன்மூளைலயும் ஞாபகத்துக்கான ஹிப்போகேம்பஸ்லயும் அந்த மரம் கழிச்சு விட்ட முருங்கை மாதிரி ஆயிரும். ஆனா எல்லா இடமும் சுருங்கும்னு நெனைக்காதீங்க. நம்ம பெங்களூர் என்சிபிஎஸ்ங்குற உயிரியல் ஆராய்ச்சி நிலையத்துல சுமந்த்ரா சட்டர்ஜி குழு 2002-ல காட்டுனது இதுதான்: தினம் 2 மணி நேரம், 10 நாள், எலிய அசைய விடாம வச்சா ஹிப்போகேம்பஸ்ல கிளை சுருங்குது, பயத்த பாத்துக்குற அமிக்டாலால கிளை இன்னும் அடர்த்தியா வளருது. அப்புறம் 21 நாள் எந்த தொந்தரவும் இல்லாம விட்டும் பாத்தாங்க, ஹிப்போகேம்பஸ் பழையபடி ஆயிருச்சு, அமிக்டாலா ஆகல. உங்க அக்கா நிலமைல இருக்குறவங்க லீவு போட்டு ஊருக்கு போயிட்டு வந்தும் திக் திக்குன்னு இருக்குங்குறாங்களே, அத கேக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எலிங்கதான் ஞாபகம் வரும் (எலி வேற மனுஷன் வேற, தெரியும்).

இப்ப மருந்துக்கு வருவோம். எஸ்சிடலோபிராம் செரட்டோனின் அளவ அன்னைக்கே ஏத்திரும், ஆனா அதுக்கு ஏத்தாப்புல செல்லுங்க தங்கள மாத்திக்கதான் வாரக்கணக்கு ஆவுது. கெட்டமைன் செரட்டோனின் பக்கம் சுத்தி வராம நேரா குளுட்டமேட்ட தொடுது, மூளைல ஒரு செல் இன்னொண்ண தட்டி எழுப்புறதுக்கு அதிகமா பயன்படுத்துற ரசாயனமே அதுதான். கொஞ்ச அளவுல குடுக்கும்போது, மத்த செல்லுங்கள அடக்கி வைக்கிற செல்லுங்க இருக்கு பாருங்க, அதுங்க மேல குளுட்டமேட்ட வாங்குற என்எம்டிஏங்குற பூட்ட இது மொதல்ல அடைக்குது, அடக்குறவன் அசந்ததும் குளுட்டமேட் பொங்கி வருது, அது ஆம்பாங்குற இன்னொரு குளுட்டமேட் வாசல் வழியா போய் பிடிஎன்எஃப்ங்குற வளர்ச்சி புரதத்த வெளிய விட வைக்குது, அதுல எம்டார்னு ஒரு சுவிட்ச் விழுந்து முள்ளு கட்டுறதுக்கான சாமான் அங்கயே தயாராவுது. அமெரிக்கால யேல் பல்கலைக்கழகத்துல ரொனால்ட் டூமன் குழு 2010-லயும் 2011-லயும் எலில காட்டுனாங்க, மூணு வார ஸ்ட்ரெஸ்ல போன முள்ளு ஒரே ஊசில ஒரு நாளைக்குள்ள திரும்ப வந்துச்சு, சக்கரை தண்ணிய சீந்தாம இருந்த எலி திரும்ப குடிக்க ஆரம்பிச்சுது. அதே மருந்த மயக்க அளவுக்கு ஏத்தி குடுத்தா இது நடக்கல, அது முக்கியம்.

இதுக்கு போட்டியா வேற விளக்கமும் இருக்கு, மூளை நடுவுல ஹெபனுலான்னு ஒரு சின்ன இடம், ஏமாத்தம் வந்தா அலறுற இடம், அங்க படபடன்னு வெடிக்கிறத கெட்டமைன் நிறுத்துதுன்னு சீனால 2018-ல காட்டுனாங்க. என்னை கேட்டா ரெண்டும் சேந்துதான் நடக்குது.

மயக்கவியல்_தஞ்சை:
குதிரைக்கும் போடுறதுதான், மனுஷனுக்கும் போடுறதுதான். 1962-ல பார்க் டேவிஸ் கம்பெனில உருவாக்குனாங்க, 1970-ல அமெரிக்கால அனுமதி கெடச்சுது, அன்னைலேந்து தீக்காயத்துக்கும் சின்ன பசங்களுக்கும் கையில எடுக்குற மருந்து, மூச்ச பெருசா அமுக்காது. மயக்கத்துக்கு நாங்க கிலோவுக்கு 1-லேந்து 2 மில்லிகிராம் ஒரே தள்ளா நரம்புல போடுவோம். டிப்ரஷனுக்கு கிலோவுக்கு அர மில்லிகிராம், 40 நிமிஷம் சொட்டு சொட்டா. உங்க அக்கா 60 கிலோன்னா வெறும் 30 மில்லிகிராம். அந்த நேரத்துல உடம்பு மிதக்குற மாதிரி, சத்தம் தூரத்துல கேக்குற மாதிரி இருக்கும், பிபி ஏறும், அதனால மானிட்டர் மாட்டி பக்கத்துல ஆள் இருந்துதான் போடணும். பிபி, இதய கோளாறு, முன்ன மனப்பிறழ்வு எதாவது இருந்துதான்னு கண்டிப்பா சொல்லிருங்க. அன்னைக்கு வண்டி ஓட்டக்கூடாது. மேத்யூ பெர்ரி விஷயம் வேற தம்பி, அது ஆஸ்பத்திரில மேற்பார்வைல நடந்த சிகிச்சை இல்ல, வீட்டுல எடுத்துட்டு தண்ணி தொட்டில இருந்திருக்கார். நம்ம ஊர்ல இது ஷெட்யூல் எக்ஸ் மருந்து, கடைல சும்மா கேட்டா குடுக்க மாட்டான், குடுக்கவும் கூடாது. மாசக்கணக்கா தானா ஏத்திக்கிறவனுக்கு மூத்திரப்பை புண்ணாகி அர மணிக்கொருக்கா ஓடுறத நான் கண்ணால பாத்துருக்கேன்.

எதையும்_நம்பாதவன்:
எல்லாரும் பூமாலை போடுறதால நான் கொஞ்சம் கல்ல போடுறேன். 2006-ல அமெரிக்கா தேசிய மனநல இன்ஸ்டிட்யூட்ல மத்த மாத்திரை கேக்காத 17 பேருக்கு கெட்டமைன் ஏத்துனாங்க, மறுநாள் 71 சதவீதம் பேருக்கு பாதிக்கு மேல குறைஞ்சுருந்துச்சு, சரி, ஒரு வாரம் கழிச்சு அது நீடிச்சது 35 சதவீதம் பேருக்குதான். அதுமில்லாம ஏத்துனதும் மிதக்குதுன்னா எனக்கு நெஜ மருந்துதான் போட்டாங்கன்னு பேஷன்ட்டுக்கே தெரிஞ்சுரும்ல, அப்புறம் என்ன ப்ளசிபோ (டம்மி மருந்து) டெஸ்ட்டு? 2023-ல ஸ்டான்ஃபோர்டுல அத தவிர்க்க, ஏற்கனவே ஆபரேஷனுக்காக மயக்கத்துல இருந்த, டிப்ரஷன் உள்ள 40 பேருக்கு கெட்டமைனோ உப்பு தண்ணியோ ஏத்துனாங்க. ரெண்டு குரூப்பும் ஒரே மாதிரி தேறிச்சு! அந்த எம்டார் கதையும் அப்படித்தான், எலில ராபமைசின் குடுத்து எம்டார அடைச்சா கெட்டமைன் வேலை செய்யல, ஆனா யேல்லயே 20 பேருக்கு அதே ராபமைசின குடுத்து பாத்தப்ப பலன் இன்னும் நாள் நீடிச்சுது. எலிய வச்சு மனுஷனுக்கு ஜாதகம் எழுதாதீங்க.

சுண்டெலி_மாமா:
@எதையும்_நம்பாதவன் ராபமைசின் அடி எங்களுக்கும் விழுந்த அடிதான், ஒத்துக்குறேன், அது வீக்கத்த குறைச்சுதா இல்ல புதுசா வந்த முள்ள காப்பாத்துச்சான்னு சண்ட ஓடிட்டுதான் இருக்கு. ஸ்டான்ஃபோர்டுலயும் ஒண்ணு பாக்கணும், ஏற்கனவே மத்த மயக்க மருந்து ஓடிட்டு இருக்குற மூளைல குளுட்டமேட் பொங்குமாங்குறதே ஒரு கேள்வி. ஆனா எதிர்பார்ப்புக்கு பெரிய பங்கு உண்டு, அதுல மறுபேச்சு இல்ல.

ஒரு வாரத்துல இறங்குதுன்னு சொன்னீங்கல்ல, அதுக்கு 2019-ல கார்னெல்ல கானர் லிஸ்டன் குழு பண்ணத பாருங்க, எனக்கு இதுல ரொம்ப புடிச்ச பரிசோதனையே அதுதான். உயிரோட இருக்குற சுண்டெலியோட முன்மூளைல ஒரே கிளைய நாள் கணக்கா பாத்தாங்க. ஸ்ட்ரெஸ் ஹார்மோன் மூணு வாரம் குடுத்ததும் முள்ளு கொத்து கொத்தா போச்சு. கெட்டமைன் போட்டாங்க, 3 மணி நேரத்துல எலி தேறிருச்சு, ஆனா முள்ளு அப்ப வரல! 12 மணி நேரத்துக்கு அப்புறம்தான் வர ஆரம்பிச்சுது, அதுலயும் ஒரு பகுதி முன்ன இருந்த அதே எடத்துல. அப்புறம் வெளிச்சம் பாய்ச்சி புதுசா வந்த முள்ள மட்டும் கருக்குனாங்க, வாலை புடிச்சு தொங்க விடுற டெஸ்ட்ல எலி திரும்ப போராடாம தொங்க ஆரம்பிச்சுருச்சு. அதாவது மொத நாள் வர்ற நிம்மதி முள்ளால வர்றதில்ல, ஆனா நிம்மதி தங்கணும்னா முள்ளு தங்கணும். இதுல தேறுனது எலின்னு மறந்துராதீங்க.

செவ்வாய்_சாயங்காலம்:
நான் போட்டுகிட்டவ. வாரம் ரெண்டுன்னு மூணு வாரம், ஆறு தடவ. மொத தடவ பயமாதான் இருந்துச்சு, கூரைல இருந்த ஃபேன் ரொம்ப தூரம் போயிட்ட மாதிரி, என் கைய யாரோட கைன்னு பாத்துட்டு கெடந்தேன், நர்ஸ் பேசுனது கெணத்துக்குள்ள இருந்து கேட்டுது. மறுநாள் பெருசா சந்தோஷம்னு சொல்ல முடியாது. காலைல குக்கர் விசில் வந்துச்சு, எழுந்து போய் அடுப்ப அணைச்சேன். அவ்வளவுதான். ஆனா அதுக்கு முந்தி ஒரு வருஷமா விசில் கேட்டும் எழுந்திரிக்க முடியாம கெடந்தவ நான். முடிஞ்சு ரெண்டாவது வாரத்துல மெதுவா இறங்குச்சு, இப்ப மாசம் ஒண்ணு போடுறாங்க, மாத்திரையும் தெரபியும் நிறுத்தல. என் டாக்டர் மொதல்லயே சொல்லிட்டாங்க, இது நல்லா இருக்குற அந்த பத்து நாள்ல தூக்கத்த சரி பண்ணு, ராத்திரி வேலைய வேற யாருக்காவது மாத்தி விடுன்னு. என் கேஸ்ல அது நடந்துச்சு, புருஷன் மாத்திகிட்டாரு. உங்க அக்காவுக்கு ராத்திரி யாரு இருக்கா?

ஒண்ணு கேக்கணும், அவங்க சாவ பத்தி ஏதாவது பேசுனாங்களா? பேசுனா ட்ரிப் தேதிக்கு காத்திருக்காம டாக்டர்கிட்ட இன்னைக்கே சொல்லுங்க, ராத்திரில அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, தமிழ்லயே பேசுவாங்க.

மொட்டைமாடி_காக்கா:
எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பாக்கல. செவ்வாய் அக்கா கேட்டதுக்கு, அப்படி எதுவும் பேசல, இருந்தாலும் இன்னைக்கு நேராவே கேட்டுட்டேன், இல்லடா, தூக்கம்தான் வேணும்னு சொன்னா. பிபி சீட்டு எடுத்து வச்சிருக்கேன், போன மாசம் 140 இருந்துருக்கு, அத டாக்டர்கிட்ட காட்டணும். முள்ளு கதைய சொன்னேன், சிரிச்சா, எலிக்கு மாமனார் இருந்துருந்தா தெரியும்னா. ராத்திரி டூட்டிக்கு அவ வீட்டுல ஆள் இல்லதான், நான் வாரத்துல மூணு ராத்திரி போய் படுத்துக்கலாம்னு இருக்கேன், ஆபீஸ்ல ஷிப்ட் மாத்தி கேட்டுருக்கேன். டயப்பர் மாத்த தெரியாது, அத யூட்யூப்ல பாத்துட்டு இருக்கேன் இப்ப.