அரையாண்டு விடுமுறையில் அந்தமான்: முழங்கால் வலியுள்ள மாமியார், இரண்டு சிறு பிள்ளைகள், ஐந்து இரவுகள். இந்தத் திட்டம் சரிவருமா?

உறையூர்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் கடைசி வாரத்தில் பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறைக்குக் குடும்பத்துடன் அந்தமான் சென்று வரலாம் என்று இருக்கிறோம். நானும் கணவரும், ஒன்பது வயது மகளும், நான்கு வயது மகனும், எழுபதைக் கடந்த என் மாமியாருமாக ஐந்து பேர். மாமியார் சமதளத்தில் மெதுவாக நடப்பார். படி ஏறுவதும் ஆடும் படகில் கால் வைத்து இறங்குவதும் அவருக்குச் சிரமம். சுத்த சைவம். ஆனால் கடலைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை; இராமேசுவரம் போனாலும் கரையை விட்டு எழுந்து வர மனமில்லாதவர். எனவே அவரை வீட்டில் விட்டுச் செல்வது என்ற பேச்சே இல்லை.

பயண முகவர் ஒருவர் தந்த திட்டம் இது. முதல் நாள் சென்னையிலிருந்து விமானத்தில் போர்ட் பிளேர், மாலையில் செல்லுலார் சிறை. இரண்டாம் நாள் பாராடாங் சுண்ணாம்புக் குகைகள். மூன்றாம் நாள் ஹேவ்லாக். நான்காம் நாள் காலையில் எலிபெண்ட் கடற்கரை, மாலையில் நீல் தீவு. ஐந்தாம் நாள் நீலில் சுற்றிவிட்டு மாலைப் படகில் போர்ட் பிளேர். ஆறாம் நாள் காலை விமானம். பாராடாங்கிற்கு இரவு மூன்று மணிக்கே கிளம்ப வேண்டும் என்கிறார்கள். இது எங்களைப் போன்ற குடும்பத்துக்கு ஏற்றதா, எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். செலவைக் குறைக்கக் கப்பலில் போகலாமா என்றும் கணவர் கேட்கிறார்.

கடல்காற்று

கப்பலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் பயணிகள் கப்பல் போர்ட் பிளேர் சேர ஏறத்தாழ மூன்று நாட்கள் ஆகும். கிளம்பும் தேதியும் நாம் நினைத்த நாளில் அமையாது. டிசம்பர் வங்கக் கடலில் முதியவரையும் நான்கு வயதுக் குழந்தையையும் அத்தனை நேரம் வைத்திருப்பது தேவையில்லாத சோதனை. விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

இனித் திட்டத்துக்கு வருவோம். அந்தமான் பயணத்தில் நாட்களைத் தின்பது பார்க்கும் இடங்கள் அல்ல, தீவு விட்டுத் தீவு மாறும் நேரம்தான். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்கிற்குத் தனியார் விரைவுப் படகில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் என்று சொல்வது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னதாகவே படகுத்துறைக்கு வந்து, அடையாள அட்டை காட்டி, பெட்டிகளைச் சோதனைக்குக் கொடுத்து, வரிசையில் நின்று, இறங்கிய பின் வண்டி பிடித்து, விடுதி அறை கிடைக்கும்வரை காத்திருந்து முடிப்பதற்குள் அரை நாள் போய்விடும். இதில் பலரும் கணக்கில் கொள்ளாத ஒன்று உண்டு. அந்தமான் நமக்குக் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருந்தாலும் கடிகாரம் நம்முடையதுதான் என்பதால், டிசம்பரில் மாலை ஐந்து மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடும். முகவர் எழுதியிருக்கும் ‘மாலையில் நீல் தீவு’ என்பது இருட்டில் போய் இறங்குவதாகத்தான் முடியும். அதற்கு ஈடாக விடியல் ஐந்தரை மணிக்கே வந்துவிடுகிறது. சீக்கிரம் எழும் பிள்ளைகளும் பாட்டியும் இருக்கும் குடும்பத்துக்கு இது வசதியே.

ஆகவே ஒரே ஒரு தீவைத் தேர்ந்தெடுத்து அங்கே தங்குங்கள் என்பதே என் கருத்து. முதல் இரவு போர்ட் பிளேர், அடுத்த மூன்று இரவுகள் ஹேவ்லாக், கடைசி இரவு மீண்டும் போர்ட் பிளேர். அந்தக் கடைசி இரவை எக்காரணம் கொண்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். முடிந்தால் அதையும் இரண்டாக்கிக் கொள்ளுங்கள். கடல் கொந்தளித்தால் படகுகளை நிறுத்திவிடுவார்கள். 2016 டிசம்பரில், பின்னர் சென்னையைத் தாக்கிய வர்தா புயலாக வலுப்பெற்ற அதே காற்றழுத்தத் தாழ்வு அந்தமான் பக்கம் இருந்தபோது, ஹேவ்லாக்கிலும் நீலிலும் சுற்றுலாப் பயணிகள் பெருமளவில் சிக்கிக்கொள்ள, கடற்படையும் கடலோரக் காவல்படையும் வந்து மீட்டன. மாதக் கடைசியில் அவ்வளவு அபாயம் பொதுவாக இருப்பதில்லை என்றாலும், படகில் வந்து இறங்கி அன்றே விமானம் ஏறுவதாக மட்டும் முன்பதிவு செய்யாதீர்கள்.

ஹேவ்லாக்கில் விடுதி எடுக்கும்போது அது எந்தக் கரையில் இருக்கிறது என்று பாருங்கள். கோவிந்த நகர், விஜய நகர் பக்கம் உள்ள கிழக்குக் கரையில்தான் பெரும்பாலான விடுதிகள் இருக்கின்றன. அங்கே கடல் வற்றும்போது தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி, கரை நெடுகப் பாறையும் உடைந்த பவளமும் பாசியும்தான் தெரியும்; பிள்ளைகள் குளிக்க முடியாது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் இது இன்னும் அதிகம். ஆனால் பாட்டியுடன் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்தக் குட்டைகளில் நண்டும் கடல் வெள்ளரியும் கிடப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. குளிப்பதற்கு மேற்குக் கரையிலுள்ள ராதாநகர் கடற்கரைக்குப் போங்கள். படகுத்துறையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர்தான். மணல் மாவு போல மென்மையானது, சரிவு குறைவு, பின்னால் பெரிய மரங்களின் நிழல். அங்கேயும் உயிர்காப்பாளர்கள் அனுமதிக்கும் பகுதியில் மட்டும் இறங்குங்கள். ஆற்று முகங்களிலும் சதுப்புநிலங்களிலும் உப்புநீர் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கும் இடத்தில் கால் நனைக்கக்கூட வேண்டாம்.

எலிபெண்ட் கடற்கரைக்குச் சாலை கிடையாது. சிறு விசைப்படகில் போக வேண்டும், அல்லது காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். உங்கள் மாமியாருக்கு இரண்டுமே வேண்டாம். நீங்களும் கணவரும் முறைவைத்துக்கொண்டு, ஒருவர் மகளுடன் போய் வாருங்கள், மற்றவர் மாமியாருடனும் மகனுடனும் இருங்கள். காற்றுக்குடுவையைச் சுமந்து கடலுக்குள் மூழ்கும் ஸ்கூபாவுக்குக் குறைந்தது பத்து வயது ஆகியிருக்க வேண்டும் என்பதால் மகளுக்கு இப்போது அது கிடையாது. வழிகாட்டி மிதவையைப் பிடித்துக்கொள்ள, முகமூடி அணிந்து மேற்பரப்பிலிருந்தே பவளப்பாறைகளைப் பார்க்கும் ஸ்நோர்கெலிங் அவளுக்குப் போதும்.

அபர்தீன் பஜார்

போர்ட் பிளேரில் வசிப்பவன் என்ற முறையில் சில செய்திகள். 2024 செப்டம்பரில் இந்த ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றி அறிவித்தார்கள். ஹேவ்லாக் 2018 இறுதியிலேயே ஸ்வராஜ் தீவாகவும் நீல் ஷஹீத் தீவாகவும் மாறிவிட்டன. பயணச்சீட்டில் புதிய பெயரும் விடுதிக்காரர் பேச்சில் பழைய பெயரும் இருக்கும், குழம்ப வேண்டாம்.

உணவைப் பற்றி அம்மா கவலைப்படவே வேண்டாம். இங்கே தமிழ்க் குடும்பங்கள் ஏராளம், முருகன் கோயிலும் இருக்கிறது, அபர்தீன் பஜாரில் இட்லி, தோசை, சைவச் சாப்பாடு கிடைக்கும். ஹேவ்லாக்கில் குடியேறியவர்கள் பெரும்பாலும் கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் என்பதால் அங்கே மீன்தான் முதன்மை. விடுதியில் முன்னதாகச் சொல்லிவிட்டால் பருப்பு, சாதம், காய் செய்து தருவார்கள். தயிரும் பழமும் தினமும் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். ஊறுகாயும் பருப்புப் பொடியும் கையோடு எடுத்து வருவது நல்லது. பணமும் ரொக்கமாகக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். அலைபேசித் தொடர்பு 2020-இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு மிகவும் மேம்பட்டிருக்கிறது என்றாலும் எல்லாக் கரைகளிலும் கிடைக்காது.

செல்லுலார் சிறையை முதல் நாள் களைப்போடு அவசரமாகப் பார்ப்பது எனக்கு மனத்துக்கு ஒப்பவில்லை. 1896-இல் கட்டத் தொடங்கி 1906-இல் முடித்த கட்டடம். ஏழு சிறகுகளில் மூன்றுதான் இன்று எஞ்சியுள்ளன. கீழ்த்தளத்திலேயே அறைகளைப் பார்த்துவிடலாம் என்பதால் மாமியாரும் தாராளமாக வரலாம். ஒரு சிறகின் அறை வாசல் அடுத்த சிறகின் முதுகைப் பார்த்திருப்பதையும், கதவின் தாழ்ப்பாள் உள்ளிருப்பவர் கம்பி வழியே கையை எவ்வளவு நீட்டினாலும் எட்டாதபடி பக்கச் சுவரில் ஒரு மாடத்துக்குள் போய் முடிவதையும் மகளிடம் காட்டுங்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் மனிதர்களை வைத்திருந்தார்கள் என்பது அந்தத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கும்போது குழந்தைக்கும் புரியும். விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள் பகலில், நிதானமாக இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

அதே நாளில் எதிரேயுள்ள ராஸ் தீவுக்கும் போகலாம். படகில் கால் மணி நேரம்தான், உள்ளே மின்கல வண்டியும் உண்டு. ஆலமர வேர்கள் சுவரோடு சுவராகக் கவ்விப் பிடித்திருக்கும் ஆங்கிலேயர் காலத் தேவாலயமும், பயமில்லாமல் அருகில் வரும் மான்களும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

வனம்

பாராடாங்கைப் பற்றி யாரும் பேசவில்லை. முதியவருக்கு நடு இரவில் கிளம்பும் பயணம் ஆகாது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காட்டின் நடுவே செல்கிறது. சில நூறு பேர் மட்டுமே எஞ்சியுள்ள மக்கள் அவர்கள். தொண்ணூறுகளின் இறுதியில் வெளியாருடன் பழகத் தொடங்கியதும் 1999-இல் தட்டம்மை அவர்களிடையே பரவியது. நமக்குச் சாதாரணமான சளியும் காய்ச்சலும் அவர்கள் உடலுக்குப் புதியவை. காப்புக்காட்டுப் பகுதியில் அந்தச் சாலையை மூட வேண்டும் என்று 2002-இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது; இன்றும் ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசைகட்டிக் காவல் துணையோடு போய்க்கொண்டுதான் இருக்கின்றன. அவர்களைச் சாலையோரம் ஆட வைத்துப் படம்பிடித்த காணொளி 2012-இல் வெளிவந்தபோது நாடே தலைகுனிந்தது. நீங்கள் குகையைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்பது உண்மை. ஆனால் வண்டியில் இருக்கும் எல்லோருடைய கண்ணும் சன்னலுக்கு வெளியே யாரைத் தேடும் என்பதும் உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளை அந்த இடத்தில் உட்கார வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தென்றல்

வனம் அவர்களின் கவலையை மதிக்கிறேன். இருந்தாலும் முழுமையாக உடன்பட இயலவில்லை. வடக்கே ரங்கத், மாயாபந்தர் வரை வாழும் மக்களின் மருத்துவத்துக்கும் படிப்புக்கும் அதே சாலைதான் பயன்படுகிறது. நிற்காமல், படம் எடுக்காமல், எதையும் வீசாமல் சட்டப்படி போய் வருபவரைக் குற்றவாளியாகப் பார்க்க வேண்டியதில்லை. சதுப்புநில மரங்கள் இருபுறமும் கூரைபோல வளைந்து நிற்கும் ஓடையில் படகில் போவது உண்மையிலேயே அரிய காட்சி. இந்தக் குடும்பத்துக்கு அது வேண்டாம் என்பதில் மட்டும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. படகிலிருந்து இறங்கிக் குகைவரை ஒரு கிலோமீட்டருக்கு மேல் மேடுபள்ளத்தில் நடக்க வேண்டியிருக்கும்.

வனம்

உள்ளூர் மக்கள் போய் வருவதை நான் எதிர்க்கவில்லை. அவர்களுக்கு வேறு வழி குறைவு. சுற்றுலாவுக்குப் போகிறவருக்கு வேறு இடங்கள் எத்தனையோ இருக்கின்றன. சதுப்புநில ஓடையைப் பார்க்க விரும்பினால் ஹேவ்லாக்கிலேயே கயாக் படகில் வழிகாட்டியுடன் அழைத்துச் செல்கிறார்கள்.

உறையூர்வாசி

இவ்வளவு பொறுப்போடு எழுதிய எல்லோருக்கும் மிக்க நன்றி. இரவு முழுவதும் கணவருடன் பேசி, பாராடாங்கையும் நீலையும் விட்டுவிட்டோம். போர்ட் பிளேரில் ஒன்று, ஹேவ்லாக்கில் மூன்று, மறுபடியும் போர்ட் பிளேரில் இரண்டு என ஆறு இரவுகளாக மாற்றச் சொல்லிவிட்டோம். முகவர் முதலில் தயங்கினாலும் ஒப்புக்கொண்டார். இன்னும் இரண்டு ஐயங்கள். மகனுக்குப் பேருந்திலேயே வாந்தி வரும்; படகில் என்ன செய்வது? மாமியார் பூஜை அறையில் வைக்க ஒரு சங்கு வாங்கி வர வேண்டும் என்கிறார்; கரையில் கிடைப்பதை எடுத்து வரலாமா?

கடல்காற்று

கரையில் கிடக்கும் சங்கு, சிப்பி, பவளத் துண்டு எதையும் எடுக்காதீர்கள். பவளமும் சில வகைச் சங்குகளும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. விமான நிலையச் சோதனையில் பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள், விசாரணையும் உண்டு. உரிமம் பெற்ற கடையில், இரசீதுடன் வாங்குங்கள்; அந்த இரசீதைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்திருங்கள்.

மகனுக்கு, கிளம்பும் முன் உங்கள் குழந்தை மருத்துவரிடமே மாத்திரையும் அளவும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர்களின் மாத்திரையை உடைத்துக் கொடுக்க வேண்டாம். படகில் கீழ்த்தளத்தில், நடுப்பகுதியில் இருக்கை கேளுங்கள், அங்கே ஆட்டம் குறைவு. காலையில் வயிறு நிறையக் கொடுக்காமல் இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். போகும்போதும் வரும்போதும் காலைப் படகையே பிடியுங்கள். மாலையில் கரையில் மணல் ஈ கடிக்கும், பிள்ளைகள் சொறிந்து புண்ணாக்கிக்கொள்வார்கள். கைகால்களில் தேங்காய் எண்ணெய் தடவி, முழுக்கால் உடை போட்டு அழைத்துப் போங்கள்.