பவர் ஃபீடர் மாட்டியவர்களே, முதலில் எங்கே தப்பு நடந்தது?

சீவல்:

ஒன்பது வருடம் ஸ்பிண்டில் மோல்டரில் (மேசைக்கு மேல் சுற்றும் கட்டரின் கத்திகளால் மரத்தின் ஓரத்தைச் செதுக்கும் மெஷின்) கையால் தள்ளியே மரச்சட்டம் ஓட்டியவன் நான். ஃபீடர், அதாவது மோட்டாரில் சுற்றும் ரப்பர் சக்கரங்களால் மரத்தை அமுக்கித் தள்ளும் கருவி, வந்துவிட்டால் விரலைப் பற்றிய கவலை போய்விடும் என்று நினைத்துத்தான் வாங்கினேன். அது பெரும்பாலும் போய்விட்டது, பொய் சொல்லவில்லை. ஆனால் முதல் மாதத்தில் நான் செய்த கூத்தை எழுதுகிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள்.

முதல் தப்பு, துளை போட்ட இடம். தலைப்பகுதியை ஒற்றை ஆளாகத் தூக்க முடியாது, இரண்டு பேர் பிடித்துத் தூணில் ஏற்றினோம். ஏற்றிய அவசரத்தில், மேசையின் மூலையில் இடம் காலியாக இருக்கிறதே என்று அங்கேயே அடித்தட்டை வைத்து வார்ப்பிரும்பில் துளை போட்டு மரையும் வெட்டிவிட்டேன். எல்லாம் இறுக்கிய பிறகு பார்த்தால், ஃபீடரின் கையை முழுதாக நீட்டினால்தான் தலை கட்டருக்கு முன்னால் வருகிறது, உயரம் மாற்றும் கைப்பிடியைச் சுற்றினால் தூசி உறிஞ்சும் குழாயில் இடிக்கிறது. வார்ப்பிரும்பில் போட்ட துளையை அழிக்கவா முடியும்? இன்றும் அந்த நான்கு துளையும் என்னைப் பார்த்துச் சிரிக்கின்றன. முதலில் அடித்தட்டை கிளாம்ப் போட்டு நிறுத்தி, தலையைத் தாங்கிக்கொள்ள ஓர் ஆளை வைத்துக்கொண்டு, எந்தெந்த நிலையில் வேலை செய்யப் போகிறோமோ அத்தனையிலும் திருப்பிப் பாருங்கள். மேசைக்கு அடியில் விலா (உறுதிக்காக வார்த்த மேடு) ஓடுகிறதா என்றும் குனிந்து பாருங்கள். துளையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது கொஞ்சம் பயமான கதை. சக்கரங்களை மரத்தின் தடிமனைவிட 3 மி.மீ. கீழே வைத்தேன், ஸ்பிரிங் அமுங்கி அழுத்தம் கொடுப்பதற்கு. வெளியேறும் பக்கம் ஃபென்ஸுக்கு (மரம் ஒட்டிக்கொண்டு போகும் பக்கத் தடுப்பு) கொஞ்சம் கிட்டே வருகிற மாதிரி தலையை லேசாகச் சாய்த்தேன். சரியாகவே வைத்தேன். இரண்டு சட்டம் கண்ணாடி போல வந்தது. மூன்றாவது போகும்போது சத்தம் மாறியது, என்ன என்று யோசிப்பதற்குள் சட்டம் ஃபென்ஸை விட்டு விலகி, அலை அலையாக வெட்டுப்பட்டு வெளியே வந்தது. நிறுத்திப் பார்த்தால் தூணின் பூட்டு கையால் இறுக்கிய அளவில்தான் இருக்கிறது, ஸ்பேனர் போடவே இல்லை. சக்கரம் மரத்தை முன்னால் தள்ளும்போது மரமும் அதே பலத்தில் ஃபீடரைப் பின்னால் தள்ளும் இல்லையா, அதில் தலை தூணைச் சுற்றித் திரும்பி, நான் வைத்த சாய்வு தலைகீழாகிவிட்டது. ஃபென்ஸை நோக்கித் தள்ள வேண்டியது, ஃபென்ஸை விட்டு வெளியே இழுத்திருக்கிறது. கட்டருக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு விரல்கடை இடம்தான் மிச்சம். இன்னும் ஒரு சட்டம் விட்டிருந்தால் கத்தி ரப்பரைத் தின்றிருக்கும்.

அன்றிலிருந்து எத்தனை பூட்டு இருக்கிறதோ அத்தனைக்கும் சாக்பீஸால் ஒரு கோடு, நகர்ந்தால் தெரிந்துவிடும். அப்புறம், மெயினை அணைத்துவிட்டுக் கட்டரைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்க்காமல் சுவிட்சைத் தொடுவதில்லை.

கணுமரம்:

உங்களுடையது பூட்டு, என்னுடையது வயர். பட்டறையில் மின் இணைப்பை மாற்றிப் போட்டார்கள், மூன்று பேஸில் இரண்டு இடம் மாறிவிட்டது போல. நான் அதைக் கவனிக்கவில்லை. வழக்கம் போல மெஷினைப் போட்டேன், ஃபீடரைப் போட்டேன், பலகையை நீட்டினேன். சக்கரம் அதை வாங்காமல் என் வயிற்றை நோக்கியே துப்பியது. ஃபீடர்தான் கோளாறு என்று அதன் முன்-பின் சுவிட்சைத் திருப்பி மறுபடி தள்ளப் போனவன், நல்ல வேளையாக ஸ்பிண்டிலின் சத்தம் வேறு மாதிரி இருப்பதைக் கேட்டு நின்றேன். ஸ்பிண்டிலும் எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருந்தது. கத்தியின் முதுகு மரத்தில் உரசும், அதுகூடப் பரவாயில்லை, எதிர்த்திசையில் சுற்றினால் மேலே இருக்கும் நட்டு கழலவும் வழி உண்டு. பூட்டு வாஷர் போட்டிருந்ததால் பிழைத்தேன்.

வயரில் யார் கை வைத்தாலும், அது நீங்களே ஆனாலும், முதலில் மரம் இல்லாமல் இரண்டையும் தனித்தனியாக ஒரு நொடி ஓட்டித் திசை பாருங்கள்.

ஞாயிறு ஆசாரி:

நான் வாரக் கடைசியில் மட்டும் வேலை செய்பவன், புதிதாக மாட்டியிருக்கிறேன். சாய்வு என்கிறீர்களே, எவ்வளவு? அப்புறம் வேகம் எதில் வைப்பது? கியர் மாற்றினால் நான்கு வேகம் வருகிறது, எதைப் போட்டாலும் ஒரே மாதிரிதான் தெரிகிறது.

சீவல்:

தலையின் முழு நீளத்துக்கு 3 முதல் 6 மி.மீ. போதும். ஃபென்ஸிலிருந்து முதல் சக்கரத்துக்கும் கடைசிச் சக்கரத்துக்கும் அளந்து பாருங்கள், கடைசியில் அந்த அளவு குறைவாக இருக்க வேண்டும். அதிகமாகச் சாய்த்தால் பிடி கூடும் என்று தோன்றும், கூடாது. சக்கரம் பக்கவாட்டில் தேய்ந்து மரத்தில் கறுப்புக் கோடு போடும், மோட்டார் முனகும்.

வேகத்துக்குக் கணக்கு இருக்கிறது, கணுமரம் சொல்வார், அவருக்குத்தான் கணக்குப் பைத்தியம்.

கணுமரம்:

பைத்தியம்தான், இருக்கட்டும். கட்டர் நிமிடத்துக்கு 6,000 சுற்று, அதில் 2 கத்தி, ஆக நிமிடத்துக்கு 12,000 வெட்டு. மரம் நிமிடத்துக்கு 6 மீட்டர் போனால் ஒரு வெட்டுக்கு அரை மி.மீ. விழும். அது நல்ல முகம், லேசாக உப்புத்தாள் போட்டால் முடிந்தது. ஆனால் இரண்டு கத்தியும் முடியளவுகூட வித்தியாசம் இல்லாமல் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் அது. ஒன்று கொஞ்சம் வெளியே நீண்டிருந்தால் அந்த ஒன்றுதான் முகத்தை முடிக்கும், அப்போது தடம் 1 மி.மீ. ஆகிவிடும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் படிக்கட்டு தெரியும். அதற்காக மெதுவாக வைத்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். ரொம்ப மெதுவாகப் போனால் கத்தி வெட்டாமல் தேய்க்கும், மரம் கருகும், கத்தி மழுங்கும். கையால் தள்ளும்போது நடுவில் மூச்சு வாங்க நின்ற இடத்தில் கறுப்பாக ஒரு பட்டை விழுமே, அதே கதை.

கழிவுத் துண்டில் ஓட்டிப் பார்த்து, கருகாத வேகத்துக்கும் தடம் தெரியாத வேகத்துக்கும் நடுவில் நில்லுங்கள். கியர் மாற்றும்போது மெயினை அணையுங்கள், இதைச் சொல்லவே வேண்டாம், இருந்தாலும் சொல்கிறேன்.

வட்டரம்பம்:

எல்லோரும் மோல்டரையே பேசுகிறீர்கள். நான் ரம்ப மேசையில் வைத்து நீளவாக்கில் கிழிப்பவன். ஃபீடர் இருக்கிறதே, பிளேடுக்குப் பின்னால் நிற்கும் அந்தப் பிளவுத் தகடு எதற்கு என்று கழற்றி வைத்தேன். ஒரு பலகை, உள்ளே இறுக்கம் நிறைந்த மரம், கிழியக் கிழிய இரண்டு பாதியும் பின்னால் சேர்ந்து பிளேடைக் கவ்வியது. ஃபென்ஸ் பக்கத்துத் துண்டைச் சக்கரம் பிடித்துக்கொண்டது, அது எங்கேயும் போகவில்லை. மறுபக்கத்துத் துண்டை யார் பிடிப்பது? அது என் இடுப்புக்கு ஒரு சாண் தள்ளிப் பறந்து பின்சுவரில் குழி போட்டது. ஃபீடர் தன் சக்கரத்துக்குக் கீழே இருப்பதை மட்டும்தான் காக்கும். தகட்டை அன்றே திரும்ப மாட்டினேன், பிளேடுக்கு நேர் பின்னால் நிற்கும் பழக்கத்தையும் விட்டேன்.

இன்னொன்று, மெல்லிய பட்டை கிழிக்கும் ஆசை. சக்கரத்தின் அகலத்தைவிடக் குறைவான பட்டையை ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவில் வைத்து ஓட்டப் போனால் சக்கரம் பிளேடின் மேலேயே உட்காரும். என் நடுச் சக்கரத்தில் அழகான ஒரு பள்ளம் இருக்கிறது, வேண்டுமானால் படம் போடுகிறேன். இப்போது அகலமான பக்கத்தை ஃபென்ஸில் வைத்து, பட்டை வெளிப்பக்கம் விழுகிற மாதிரிதான் கிழிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஃபென்ஸை நகர்த்த வேண்டும், சலிப்புதான், செய்கிறேன்.

குட்டைத் துண்டுக்கும் ஒரு வரி. எப்போதும் குறைந்தது இரண்டு சக்கரமாவது மரத்தின் மேல் இருக்க வேண்டும். அதைவிடக் குட்டை என்றால் ஃபீடர் வேண்டாம், நீளமாக ஓட்டிவிட்டுப் பிறகு அறுத்துக்கொள்ளுங்கள்.

தூசிக்காற்று:

என் கதை சின்னது, ஆனால் கை நடுங்க வைத்தது. நீளமான சட்டம், மழுங்கிய கத்தி, நான் வெளியேறும் பக்கத்தில் நின்று வாங்கிக்கொண்டிருக்கிறேன். சுமை தாங்காமல் மோல்டரின் மோட்டார் ட்ரிப் ஆகிவிட்டது. ஃபீடருக்கு அது தெரியுமா? நின்றுவிட்ட கட்டருக்குள் சட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தது. சுவிட்ச் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஓடிப்போய் அணைப்பதற்குள் ஒரு கத்தியின் முனை உடைந்து, சட்டம் நடுவில் வில்லாக எழும்பி நின்றது.

பிறகு மின்வேலை தெரிந்தவரை வைத்து மெஷினின் காண்டாக்டரோடு (மோட்டாருக்கு மின்சாரம் விடும் காந்த சுவிட்ச்) ஃபீடரைக் கோத்துவிட்டோம். மெஷின் நின்றால் ஃபீடரும் நிற்கும், மெஷின் ஓடாமல் ஃபீடர் கிளம்பவே கிளம்பாது. கரண்ட் போய்த் திரும்பினாலும் இரண்டும் தானாக ஓடாது. முன்பு என் ஃபீடரில் வெறும் திருகு சுவிட்ச், கரண்ட் வந்ததும் தன்பாட்டுக்குச் சுற்ற ஆரம்பிக்கும். வெளியேறும் பக்கத்திலும் ஒரு சிவப்புப் பொத்தான் வைத்தோம். போடும்போது முதலில் கட்டர், பிறகு ஃபீடர், அணைக்கும்போது முதலில் ஃபீடர்.

ஞாயிறு ஆசாரி:

கட்டர் சுற்றும் திசையிலேயே மரத்தை விட்டால் நார் பிய்யாமல் வரும் என்கிறார்களே, ஃபீடர் இருந்தால் செய்யலாமா?

சீவல்:

ஃபீடர் இல்லாமல் நினைக்கவே நினைக்காதீர்கள், கட்டர் மரத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடும், கூடவே கையும் போகும். ஃபீடர் இருந்தால் நான் செய்கிறேன், தறிகெட்ட நார் உள்ள மரத்தில் மட்டும். அந்த நேரத்தில் ஃபீடரின் வேலை தள்ளுவதல்ல, பிடித்து நிறுத்துவது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, 1 அல்லது 2 மி.மீ. மட்டும் எடுப்பேன். மரம் பாய்ந்தால் எந்தப் பக்கம் பாயும் என்று பார்த்து அந்தப் பக்கத்தில் ஆள் நிற்க விடமாட்டேன். நீங்கள் ஆறு மாதம் கட்டருக்கு எதிராக, வழக்கமான திசையில் ஓட்டிவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

கணுமரம்:

இழைப்பு மெஷினில் வைப்பவர் யாராவது இருந்தால் ஒன்று. வளைந்த பலகையை ஃபீடர் அமுக்கி நேராக்கிக் கொண்டுபோகும், வெளியே வந்ததும் பலகை பழையபடி வளைந்துகொள்ளும். ஒரு அடுக்கு முழுவதையும் அப்படி ஓட்டிவிட்டு மறுபடி கையால் இழைத்தேன். மூன்று மணி நேரம் வீண்.

வட்டரம்பம்:

ஒரு சந்தேகம், இரண்டு நாளாக மரம் நடுவில் நின்று நின்று போகிறது. அழுத்தத்தைக் கூட்டினேன், அப்போதும் அப்படித்தான்.

சீவல்:

அழுத்தத்தைத் திரும்பக் குறையுங்கள். மெயினை அணைத்துவிட்டுச் சக்கரத்தைத் தொட்டுப் பாருங்கள், வழவழவென்று பளபளப்பாக இருந்தால் அது பிசின். ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைத்து, முரட்டு உப்புத்தாளை லேசாக ஓட்டுங்கள். மேசையிலும் மெழுகு தேயுங்கள், பாதி நேரம் இழுப்பு அங்கேதான் இருக்கும். அதற்கும் கேட்கவில்லை என்றால் அந்தப் பள்ளம் விழுந்த சக்கரத்தைத்தான் மாற்ற வேண்டும், படமும் போடுங்கள், பார்க்க வேண்டும்.