‘ஆடுதுறை வீடு’ குரூப்

வெள்ளி

காலை 7:38 – மீனா: (படம்)

7:38 – மீனா: இன்னிக்கு காலை ரயில். ஜன்னலுக்குக் கீழ பாருங்க, செம்மண்ணைக் கரைச்சு ஊத்தின மாதிரி. கழுவவே மாட்டாங்களா?

7:41 – கலா அத்தை: கும்பாபிஷேகம் பாக்காத கோபுரம் மாதிரில்ல இருக்கு

7:44 – செந்தில் அத்தான்: மெட்ராஸ்ல 2025-லயே ஏசி லோக்கல் விட்டாச்சு. நம்ம பக்கம் இந்த அழகுதான்

7:52 – பெரியப்பா: அது மண் இல்ல.

7:53 – மீனா: பின்ன?

8:04 – பெரியப்பா: இரும்பு. பிரேக் பிடிக்கும்போது கமா சக்கரமும் பிரேக் கட்டையும் தேஞ்சு பொடியாப் பறக்கும். சூடா வந்து பெயிண்ட்ல குத்தி உக்காந்துடும். ராத்திரி பனி பட்டா அந்தப் பொடி துருப்பிடிக்கும். நீ பாக்குற செவப்பு அந்தத் துரு. முற்றுப்புள்ளி

8:05 – மீனா: பெரியப்பா, கமா, முற்றுப்புள்ளி எல்லாம் எழுத்தாவே விழுது 😂

8:06 – பெரியப்பா: வாயால சொன்னா அதுவே போட்டுக்கும்னு நீதானே சொல்லிக்குடுத்தே

8:08 – செந்தில் அத்தான்: மாமா, எக்ஸ்பிரஸ் வண்டிக்கும் பிரேக்தான். அதுல இவ்வளவு இல்லையே?

8:15 – பெரியப்பா: எக்ஸ்பிரஸ் மாயவரம் விட்டா கும்பகோணம். உங்க வண்டி குத்தாலம், ஆடுதுறை, திருவிடைமருதூர், திருநாகேஸ்வரம்னு வாசலுக்கு வாசல் நிக்குது. நிக்க நிக்க பிரேக். பிரேக்குக்குப் பிரேக் பொடி. நான் ரயில்வேல இருந்த காலத்துல பிரேக் கட்டையே வார்ப்பிரும்பு, இதைவிட மோசம். அப்ப கோச்செல்லாம் மெரூன் கலர், துரு இருந்ததே தெரியாது. நீலம் அடிச்சப்பறம்தான் எல்லார் கண்ணுலயும் பட்டுது.

8:17 – அம்மா: இத்தனை வருஷம் இது தெரியாம நானும் திட்டிக்கிட்டு இருந்தேன் மாமா

8:19 – மீனா: சரி, துருன்னே இருக்கட்டும். சோப்பு போட்டுத் தேச்சா போகாதா?

8:31 – பெரியப்பா: சோப்புக்குப் புழுதியும் எண்ணெயும் போகும், துரு போகாது. அதுக்கு ஆசிட் கலந்த மருந்து வேணும். கலா, நாச்சியார்கோவில் விளக்குக்குப் புளி போடுவியே, அதே கதைதான். புளியத் தடவிட்டு உடனே கழுவினா பளபளப்பு. மறந்து ராத்திரி பூரா விட்டா?

8:32 – கலா அத்தை: கறுத்துத் திட்டுத் திட்டா ஆயிடும் அண்ணே. அம்மா ஒருதடவை அதுக்காக என்னைத் தொரத்தி அடிச்சது ஞாபகம் இருக்கா

8:38 – பெரியப்பா: ஓடினது நீ, அடி வாங்கினது நான். கோச்சும் அப்படித்தான். மருந்து காயற வரைக்கும் விட்டா பெயிண்ட் மங்கிப் போயிடும், ஜன்னல் கண்ணாடி பால் மாதிரி ஆயிடும். அப்பறம் எத்தனை தடவை கழுவினாலும் பழசாத்தான் தெரியும். வெயில்ல நிக்கிற வண்டியில தடவவே கூடாது. மருந்தைக் கீழேருந்து மேல தடவணும், தண்ணிய மேலேருந்து கீழ அடிக்கணும். மாத்திச் செஞ்சா ஒழுகின கோடு நிக்கும். புது ஆள் வந்தா முதல்ல இதத்தான் சொல்லிக்குடுப்போம்.

8:40 – செந்தில் அத்தான்: இப்ப அதுக்கெல்லாம் மெஷின் வந்துடுச்சே மாமா. வீடியோ பாத்தேன், வண்டி மெதுவாப் போகுது, ரெண்டு பக்கமும் பிரஷ் சுத்துது

8:43 – பெரியப்பா: ஆமா. 24 கோச்சு வண்டிய பத்து நிமிஷத்துக்குள்ள கழுவிடும், தண்ணியச் சுத்தம் பண்ணித் திரும்ப எடுத்துக்கும். நல்ல விஷயம். ஆனா பிரஷ் போகாத மூலை இருக்கு பாரு, படிக்கட்டு, கைப்பிடிக்குப் பின்னாடி, ரெண்டு கோச்சு சேர்ற இடம். அங்க இன்னிக்கும் கைதான்.

8:45 – பெரியப்பா: பெயிண்டைச் சுரண்டிட்டுப் புதுசா அடிக்கிறது பணிமனைக்குப் போறப்பதான், 18 மாசத்துக்கு ஒருதடவை. நடுவுல மினுக்குறது எல்லாம் கழுவுறவன் கையில. வேதாரண்யம் பக்கம் போற வண்டிக்கு இன்னும் கஷ்டம். உப்புக் காத்து. பெயிண்ட் விரிசல் விட்டா உள்ள தகடே அரிச்சுப் போகும்.

8:46 – மீனா: திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனைக் கதை ஆரம்பிக்கப் போகுது, எல்லாரும் டீ போட்டுக்கோங்க

8:47 – பெரியப்பா: அந்தப் பணிமனையே நம்ம நாகப்பட்டினத்துலேருந்துதான் பொன்மலைக்குப் போச்சு, தெரியுமா?

8:47 – மீனா: தெரியும் பெரியப்பா. ஒவ்வொரு பொங்கலுக்கும் தெரியும்

8:55 – மீனா: (படம்)

8:55 – மீனா: இது உள்பக்கம். வெளிய இரும்புப் பொடி, ஒத்துக்கறேன். இதுக்கு யார் காரணம்? வெத்தில எச்சில், கடலைத் தோல், சுவரெல்லாம் ஸ்டிக்கர்

8:57 – கலா அத்தை: வெவஸ்தை கெட்டவனுங்க. ஒட்டுறவன் கையை ஒடிக்கணும்

8:59 – அம்மா: மீனா, அந்த மஞ்சள் ஸ்டிக்கரைப் பெருசாக்கிப் பாரு

9:00 – மீனா: “10, 12 கணக்கு டியூஷன், ஆடுதுறை”

9:00 – மீனா: நம்பர் நம்ம வீட்டு நம்பர் மாதிரி இருக்கே 🤔

9:01 – செந்தில் அத்தான்: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

9:02 – மீனா: அத்தை, ஒடிக்கிறீங்களா?

9:06 – கலா அத்தை: டேய் செந்தில்

9:10 – பெரியப்பா: எத்தனை ஒட்டினே?

9:14 – செந்தில் அத்தான்: ஒரு கட்டு மாமா. 40 இருக்கும். எல்லாரும்தானே ஒட்டுறாங்க

9:15 – மீனா: எத்தனை பேர் சேந்தாங்க?

9:16 – செந்தில் அத்தான்: ஒருத்தரும் இல்ல. லோன் வேணுமான்னுதான் போன் வருது

9:21 – அம்மா: பெட்டியில ஒட்டினா 500 ரூபா வரைக்கும் அபராதம்பா. 2012-லயே விதி போட்டிருக்காங்க

9:24 – பெரியப்பா: அபராதம் இருக்கட்டும். நாளைக்குப் போய் உரி. பிளேடு எடுத்தியோ தெரியும். பேனல்ல ஒரு கீறல் விழுந்தா போதும், அழுக்கு அதுக்குள்ள குடியிருக்கும், ஜென்மத்துக்கும் போகாது. தேங்காய் எண்ணெய் தடவி பத்து நிமிஷம் ஊறவிடு. பழைய ஏடிஎம் கார்டால தள்ளு. கடைசியில சோப்புத் துணி போடு, எண்ணெய் பிசுக்கு நின்னா புழுதி ஒட்டும்.

9:25 – செந்தில் அத்தான்: சனிக்கிழமை கிளாஸ் இருக்கு மாமா

9:25 – மீனா: யாருக்கு?

சனி

காலை 11:20 – செந்தில் அத்தான்: 9 உரிச்சேன். மிச்சம் வேற வண்டியில மாட்டிக்கிட்டுப் போயிருக்கும் போல. பக்கத்து சீட்டுப் பாட்டி நான் ரயில்வே ஆளுன்னு நினைச்சு ஃபேன் ஓடலைன்னு சண்டை போட்டுச்சு

11:22 – செந்தில் அத்தான்: (படம்)

11:22 – செந்தில் அத்தான்: என்னோடதை உரிச்சா அடியில மூலம் பவுத்திரம். அதுக்கும் அடியில வேலைவாய்ப்பு

11:24 – பெரியப்பா: அதையும் உரிச்சியா?

11:25 – செந்தில் அத்தான்: மூலம் வரைக்கும் போச்சு மாமா. அப்பறம் எண்ணெய் தீந்துடுச்சு

11:26 – கலா அத்தை: எந்த எண்ணெய்? அலமாரியில இருந்த என் தலை எண்ணெயா?

11:27 – மீனா: 😂😂

11:31 – கலா அத்தை: வர்றப்ப கும்பகோணத்துல அரை லிட்டர் வாங்கிட்டு வா. அப்பாவுக்கு வெத்தில ஒரு கவுளி

11:32 – பெரியப்பா: வெத்திலய வீட்டுக்கு வந்து பிரி.